பார்சல் ஏன் அப்படிப் போய்ச் சேர்ந்தது? பெட்டி அளவில் நடந்த தவறைக் கண்டுபிடிக்கும் வழிகள்

கும்பகோணத்தில் இருந்து நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் தஞ்சாவூர்ப் பொம்மையும் வெளியூர்களுக்குப் போகும். அவற்றை அனுப்புகிற சிறு வியாபாரிகளுக்குப் பேக்கிங் செய்து கொடுப்பது என் வேலை. விளக்கு கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும், கனம் மட்டும் கையை இழுக்கும். பொம்மை இடத்தை அடைத்துக்கொள்ளும், தூக்கினால் எடையே தெரியாது. இடையிடையே ஊறுகாய் பாட்டில், முறுக்கு, புத்தகக் கட்டு என்று எல்லாமும் வரும். எல்லாவற்றுக்கும் கையில் கிடைத்த பெட்டியைப் போட்டு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் திரும்பி வந்த பார்சல்கள்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தன.

சேதம் என்றால் எல்லோரும் உடைந்த பொருளைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். எனக்கு வேண்டியது பெட்டியின் படம். ஆறு பக்கமும் வேண்டும், அதுவும் திறப்பதற்கு முன்னால். எந்த இடம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது, டேப் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்தாலே அளவில் எங்கே தவறினோம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதே வண்டியில் அதே கைகள் தூக்கிப் போட்ட வேறு பெட்டிகள் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் கீழே அறிகுறியை வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் பார்சலுக்கு நேர்ந்தது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அளப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

அளவை எப்படிச் சொல்வது

பெட்டியின் அளவை நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் சொல்வது வழக்கம். வாய் இருக்கும் பக்கத்தின் பெரிய விளிம்பு நீளம், சின்ன விளிம்பு அகலம், வாயிலிருந்து அடிவரை உயரம். 12×8×6 இன்ச் பெட்டியும் 12×6×8 இன்ச் பெட்டியும் ஒரே அளவு சரக்கைக் கொள்ளும். ஆனால் ஒன்று அகலமாகப் படுத்திருக்கும், இன்னொன்று குறுகலாக நிற்கும். போனில் ஆர்டர் கொடுக்கும்போது இந்த வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டு, வந்த பிறகு கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவர்கள் நிறையப் பேர்.

கடையில் சொல்வது பெரும்பாலும் உள்ளளவு. கூரியர் கவுண்டரில் டேப் வைத்துப் பார்ப்பது வெளியளவு. இந்த வித்தியாசம் காசில் வந்து முடியும். எடை பற்றிய பகுதியில் கணக்கோடு சொல்கிறேன்.

பொருளை வெறுமனே அளக்காதீர்கள். பபுள் ராப் சுற்றி, பாட்டில் என்றால் கவர் போட்டு முடிச்சிட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். உடையாத பொருளுக்குச் சுற்றிலும் ஒரு விரல் தடிமன் இடம் போதும். உடையும் பொருளுக்கு ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச். அப்படியென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4 இன்ச் கூடும். இதை மறந்து மொத்தமாக 2 இன்ச் மட்டும் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆட்டினால் உள்ளே பொருள் உருளுகிறது

பெட்டி பெரிதாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. அனுப்புவதற்கு முன்பே பிடித்துவிடவும் முடியும். டேப் ஒட்டுவதற்கு முன், மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியை நாலு பக்கமும் ஆட்டுங்கள். லேசாகச் சத்தம் கேட்டாலும் அது போகும் வழியெல்லாம் கேட்கப்போகிற சத்தம். இங்கிருந்து கோவைக்கு ஒரு ராத்திரிப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பொருள் எழும்பி, எதிர்ச் சுவரில் மோதி, சுற்றியிருக்கும் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிக்கொண்டே போகும். காலையில் பார்த்தால் ஆரம்பத்தில் அரை இன்ச்சாக இருந்த இடைவெளி 2 இன்ச் ஆகியிருக்கும்.

முதல் வழி, சின்னப் பெட்டிக்கு மாறுவது. சின்னப் பெட்டி கையில் இல்லை என்றால் இருக்கிற பெட்டியின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பேன். பொருளையும் அதைச் சுற்றி அடி தாங்க வைக்கும் பஞ்சணையையும் உள்ளே வைத்து, மேலே எந்த மட்டத்தில் முடிகிறதோ அதை நான்கு மூலையிலும் பென்சிலால் குறியுங்கள். பொருளை வெளியே எடுத்துவிட்டு, நான்கு மூலை விளிம்புகளையும் மேலிருந்து அந்தக் குறிவரை கத்தியால் கீறுங்கள். பிறகு குறியிலிருந்து குறிக்கு, உள்பக்கமாக ஸ்கேல் வைத்து, ஸ்பூனின் காம்பால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கத்தி முனையால் இழுக்கவே கூடாது. மேல்தாள் அறுந்துபோனால் அந்த மடிப்பு ஒரு தடவைக்கு மேல் தாங்காது. கோட்டில் உள்பக்கம் மடித்தால் புது மூடி கிடைத்துவிடும். அகலப் பக்கத்து மடல்களை முதலில் மடித்து, நீளப் பக்கத்து மடல்களை அதன்மேல் மடிக்க வேண்டும். மடல் நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் வெட்டவேண்டாம், அது கூடுதல் பலம். எதிர்ச் சுவரைத் தாண்டி முட்டினால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது வழிதான் இடைவெளியை நிரப்புவது. செய்தித்தாளைக் கசக்கிப் போடுவது எல்லோருக்கும் தெரியும். லேசான பொருளுக்கு அது சரி, ஆனால் இறுக்கிக் கசக்கி, கை வைத்து அழுத்தினால் திரும்ப எழும்புகிற அளவுக்குப் போட வேண்டும். பித்தளை போன்ற கனமான பொருளுக்குச் செய்தித்தாள் உதவாது. குலுங்கக் குலுங்கக் கனமான பொருள் காகிதத்தை ஒதுக்கிக்கொண்டு அடிக்குப் போய்விடும். தெர்மாகோல் உருண்டைகளிலும் இதே கதைதான். கனமான பொருளைச் சுற்றி, பழைய பெட்டிகளின் அட்டையைப் பட்டையாக வெட்டி, மடித்து, முட்டுக்கொடுத்தால் அது நகராது.

மேல்பக்கம் குழிந்து, பெட்டி சப்பையாகிவிட்டது

மூடிக்கும் பொருளுக்கும் நடுவே காற்று மட்டும் இருந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் உங்கள் பெட்டிமேல் வேறு பெட்டிகள் ஏறத்தான் செய்யும். அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குபவை பெட்டியின் நான்கு மூலை விளிம்புகள். நடு மூடி சுமை தாங்குவதற்காகச் செய்ததே இல்லை. உள்ளே சரக்கு மூடிவரை நிரம்பியிருந்தால் மேலே ஏறும் கனம் சரக்கின் வழியாகவும் இறங்கும். இல்லையென்றால் மூடி குழியும், குழிந்ததும் பக்கச் சுவர்களை உள்ளே இழுக்கும், சுவர் வளைந்ததும் மூலையும் போய்விடும். மேலே சொன்ன உயரம் குறைக்கும் வழிதான் இதற்கும் மருந்து.

உயரம் சரியாக இருந்தும் சப்பையானால் வேறு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெட்டி ஒல்லியாக உயர்ந்திருப்பது. அட்டையின் நடுத்தாளில் இருக்கும் நெளிகள் பெட்டியின் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும். நிற்க வைத்தால் வரிசையாகத் தூண் நிறுத்தியதுபோல அவை சுமை தாங்கும். படுக்க வைத்தால் அந்தத் தூண்களும் சேர்ந்து படுத்துவிடும். 6×6×20 இன்ச் பெட்டியை எந்த வண்டியிலும் நிற்க வைத்துக் கொண்டுபோக மாட்டார்கள். முதல் வளைவிலேயே சாய்ந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் உயரம், அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்கிறேன். போயே ஆக வேண்டும் என்றால், படுக்கப் போகிற பெட்டி என்று தீர்மானித்து 5 பிளைக்கு, அதாவது ஐந்து தாள் அடுக்கி ஒட்டிய அட்டைக்கு, மாறிவிடுகிறேன்.

இரண்டாவது, பழைய பெட்டி. மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் பிஸ்கட் பெட்டிகளின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே பாக்கெட்டுகள் இடைவெளி இல்லாமல் நிரம்பி, அவையும் சேர்ந்து சுமை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்ட மெல்லிய பெட்டிகள் அவை. பாக்கெட்டுகளை எடுத்துவிட்டால் வெறும் தோல்தான். மூலையில் ஒரு தடவை மடிந்த வெள்ளைக் கோடு தெரிந்தாலும் அந்தப் பெட்டியைச் சுமைக்கு எடுக்காதீர்கள், உள்ளே முட்டுக்கொடுக்கும் பட்டை வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஈரம். எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். குத்துவிளக்கு அதிகமாகப் போவது கார்த்திகைத் தீபத்தை ஒட்டி, அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில். நெளி அட்டை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் இருக்கும்போது தாங்குகிற சுமையில், 90 சதவீதத்தில் கிட்டத்தட்ட பாதிதான் தாங்கும். வெயில் காலத்தில் 3 பிளையில் நன்றாகப் போன அதே விளக்கு ஐப்பசியில் நசுங்கிப் போனால் ஆச்சரியம் இல்லை. மழை மாதங்களில் நான் ஒரு படி தடிமனான அட்டைக்குப் போய்விடுவேன். பெட்டிக் கட்டுகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகைமேல் அடுக்கி வைப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

பக்கங்கள் உப்பி, டேப் விட்டு, வாய் திறந்துகொண்டது

பெட்டி சின்னதாகிவிட்டது. மூடி மடல்கள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். நீங்கள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் ஒட்டும்படி ஆனால், அந்த அழுத்தம் முழுவதையும் இனி டேப் மட்டும் தாங்கப்போகிறது. துணி, முறுக்குப் பாக்கெட், அப்பளக் கட்டு இவற்றில்தான் இது நடக்கும். அமுக்கினால் அமுங்கும் பொருள் என்பதால் இன்னும் ஒன்று வைக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். உப்பிய பெட்டியின்மேல் அடுத்த பெட்டி சரியாக உட்காராது, உருண்டு விழும். கவுண்டரில் அளக்கும்போதும் உப்பிய இடத்தில் வைத்துத்தான் அளப்பார்கள்.

ஒரு அளவு பெரிய பெட்டிக்கு மாறுங்கள். டேப்பை நடுக்கோட்டில் மட்டும் ஒட்டாமல் இரண்டு ஓரங்களிலும் ஒட்டி, இருபுறமும் 2 இன்ச் கீழே இறங்கும்படி விடுங்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு கோடும் இரு பக்கமும் குறுக்கே இரண்டு கோடும் தெரிய வேண்டும்.

அடி பிரிந்து பொருள் கொட்டிவிட்டது

கனமான பொருளுக்குப் பெரிய பெட்டி வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அது தலைகீழ். கனமான பொருளுக்குச் சின்னப் பெட்டிதான் வேண்டும். அட்டைப்பெட்டியின் சுமை தாங்கும் திறனைக் கணக்கிட 1963இல் மெக்கீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். இன்றும் பெட்டி செய்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, ஒரே அட்டையில் செய்த பெட்டியின் திறன் அதன் சுற்றளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே கொள்ளும் சரக்கு எட்டு மடங்காகும். தாங்கும் திறனோ சுமார் 1.4 மடங்குதான் ஆகும். பெரிய பெட்டியில் புத்தகம் நிரப்பி அனுப்பினால் அடி பிரிவதும் ஓரம் கிழிவதும் ஏன் என்று இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

புத்தகங்களை நான் இரண்டு மூன்று சின்னப் பெட்டிகளாகப் பிரித்துவிடுவேன். ஒரு ஆள் ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி தூக்கி வைக்கப்படும். இரண்டு கையாலும் முடியாதது இழுக்கப்படும், உருட்டப்படும். அட்டையின் தடிமனுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: 5 கிலோவரை 3 பிளை, அதற்கு மேல் 15 கிலோவரை 5 பிளை, அதையும் தாண்டினால் 7 பிளை. உடையும் பொருள் என்றால் ஒரு படி மேலே.

பிளை எண்ணிக்கை மட்டும் கேட்டால் போதாது. மெலிந்த தாளில் செய்த 5 பிளையைவிட நல்ல தாளில் செய்த 3 பிளை பலமாக இருக்கும். தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எவ்வளவு, பிஎஃப் (கிழியாமல் அழுத்தம் தாங்குவதைக் காட்டும் எண்) எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், கிழியாமல் அந்தத் தாள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று தெரியும். 150 ஜிஎஸ்எம், 20 பிஎஃப் என்றால் 3 கிலோ. கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் என்று தெரிந்தால் கடைக்காரரும் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார்.

தராசில் ஒரு கிலோ, பில்லில் ஐந்து கிலோ

பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சேதம் உங்கள் பைக்குத்தான். கூரியர் நிறுவனங்கள் இரண்டு எடைகளைப் பார்க்கும்: தராசில் காட்டும் எடை, பெட்டி அடைக்கும் இடத்தைக் கணக்கிட்ட எடை. எது கூடுதலோ அதற்குத்தான் பணம். கவுண்டரில் இதை வால்யூம் வெயிட் என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். சில நிறுவனங்கள் இன்னும் சின்ன எண்ணால் வகுப்பதுண்டு. அப்போது எடை இன்னும் கூடும். அதனால் முதலில் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ச்சில் கணக்குப் போடுகிறவர்கள் 305ஆல் வகுத்தால் அதே விடை வரும். நான் இந்த எண்ணை மேஜைக்கு எதிர்ச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றரைக் கிலோ முறுக்கை 12×12×12 இன்ச் பெட்டியில் போட்டால் 1728ஐ 305ஆல் வகுக்க, 5.7 கிலோ. அரைக் கிலோ படிகளில் கட்டணம் வாங்கும் இடத்தில் 6 கிலோவுக்குப் பணம். அதே முறுக்கை நான்கு பாக்கெட்டாகப் பிரித்து 10×8×6 இன்ச் பெட்டியில் நிற்க வைத்தால் 1.6 கிலோ, 2 கிலோவுக்குப் பணம் கட்டினால் போதும்.

உள்ளளவு, வெளியளவு என்று முன்னே சொன்னது இங்கேதான் வேலை செய்யும். 25×20×15 சென்டிமீட்டர் பெட்டிக்கு 7500ஐ 5000ஆல் வகுத்து, சரியாக ஒன்றரைக் கிலோ என்று சந்தோஷப்படுவோம். 3 பிளை அட்டை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு சுவர் சேர்ந்து 6 மில்லிமீட்டர் கூடும். உயரத்தில் மூடியிலும் அடியிலும் இரண்டிரண்டு மடல் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் 12 மில்லிமீட்டர் கூடும். வெளியே அளந்தால் 25.6×20.6×16.2. கணக்குப் போட்டால் 1.7 கிலோ. அடுத்த படிக்கு ஏறிவிட்டது. படியின் விளிம்பில் நிற்கும் பெட்டியை வாங்காமல், உயரத்தில் இரண்டு சென்டிமீட்டராவது குறைவாக இருப்பதைப் பாருங்கள்.

பெரிய மிச்சம் பொருளைக் கழற்றி வைப்பதில்தான் இருக்கிறது. நாச்சியார்கோயில் விளக்கின் அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே இருக்கும் அன்னமோ பிரபையோ எல்லாம் மரை போட்டுத் திருகிக் கழற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அடித்தட்டு 8 இன்ச் அகலமுள்ள 2 அடி விளக்கு ஒன்றை முழுசாக அனுப்பினால் 28×12×12 இன்ச் பெட்டி வேண்டும். வால்யூம் வெயிட் 13 கிலோவைத் தாண்டும். கழற்றி, தண்டைப் படுக்க வைத்து, 14×12×8 இன்ச் பெட்டியில் அடக்கினால் 4.4 கிலோதான். விளக்கின் நிஜ எடை 5 கிலோ இருந்தால் பில்லும் 5 கிலோவுக்கே வரும். கழற்றிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியோ காகிதமோ சுற்றுங்கள். மரை இருக்கும் முனைக்கு அட்டையில் ஒரு தொப்பி செய்து மாட்டுங்கள். மரை நசுங்கினால் விளக்கை மறுபடி பூட்டவே முடியாது.

தஞ்சாவூர் நடனப் பொம்மையும் அப்படித்தான். தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனி. ஒன்றன்மேல் ஒன்று ஊசலாடும்படி நிற்கும். 10 இன்ச் உயரப் பொம்மையைப் பூட்டியபடி அனுப்பினால் 10×10×14 இன்ச் பெட்டி, வால்யூம் வெயிட் 4.6 கிலோ. கழற்றித் தனித்தனியாகச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 10×10×10 இன்ச் போதும், 3.3 கிலோ. எப்படிப் பூட்டுவது என்று படம் வரைந்த ஒரு சீட்டை உள்ளே வைக்க மறக்காதீர்கள். அந்தச் சீட்டுக்காகவே திரும்பவும் நம்மிடம் வாங்கியவர்கள் உண்டு.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே பொருள் உடைந்திருக்கிறது

மனதுக்கு ரொம்ப வருத்தமாக இருப்பது இதுதான். களிமண் கொலு பொம்மை ஒன்று இப்படிப் போனால் அந்தச் செட்டே போனமாதிரி. நவராத்திரிக்குள் மாற்று அனுப்பவும் நேரம் இருக்காது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்திருக்கிறது என்றால், அடி நேராகப் பொருளுக்குப் போயிருக்கிறது. பஞ்சணை இல்லை, அல்லது இருக்க இடமில்லாத அளவுக்குப் பெட்டி சின்னது. இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவையாவது பெட்டி விழும் என்று வைத்துக்கொண்டே பேக் செய்யுங்கள்.

பொம்மை சரியாகப் பொருந்துகிற பெட்டிதான் நல்ல பெட்டி என்று நானும் முதலில் நினைத்தேன். 4×4×8 இன்ச் பொம்மையை பபுள் ராப் ஒரு சுற்றுச் சுற்றி 5×5×9 பெட்டியில் வைத்தால் கச்சிதமாக இருக்கும், ஆடாது, குலுங்காது. கீழே விழுந்தால் பொம்மையே தரையில் விழுந்ததற்குச் சமம். அதற்கு வேண்டியது 8×8×12. பில் கூடத்தான் செய்யும், 2.5 கிலோ படியைத் தாண்டி 3 கிலோவுக்குப் போகும். ஆனால் மண் பொம்மைக்கு இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. முறுக்கில் பிடியுங்கள், துணியில் பிடியுங்கள்.

பொம்மையில் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்களைக் கவனியுங்கள். நீட்டிய கை, வீணையின் முனை, கிரீடம். முதலில் இவற்றின் இடுக்குகளை மெல்லிய காகிதத்தால் நிரப்பி, உருவத்தை ஒரு உருளைபோல ஆக்கிவிட்டு, அதன் பிறகு பபுள் ராப் சுற்ற வேண்டும். நேராகச் சுற்றினால் சுற்றின் இறுக்கமே கையை ஒடித்துவிடும். பொம்மை விற்பவர்கள் காலங்காலமாக வைக்கோலுக்குள் பொம்மையைப் பதித்துக் கொடுப்பார்கள். வைக்கோல் நல்ல பஞ்சணைதான். மழைக் காலத்தில் ஈரம் பிடித்துப் பூசணம் பூத்து வண்ணத்தைக் கெடுத்துவிடும் என்பதால் மட்டும் நான் தவிர்க்கிறேன்.

விலை உயர்ந்ததென்றால் பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் பொம்மை ஆடாமல் இருக்க வேண்டும், வெளிப்பெட்டி எல்லாப் பக்கமும் 2 இன்ச் பெரிதாக இருக்க வேண்டும், நடுவில் பஞ்சணை. வாங்கிய பபுள் ராப் தீர்ந்துவிட்டால் பழைய அட்டையை நெளி வளையும் வாக்கில் சுருட்டி வைக்கலாம். நெளித்த தாள் பெட்டிச் சுவர் ஆவதற்கு முன் பஞ்சணையாக இருந்திருக்கிறது: 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியது, பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றி அனுப்புவதற்கான நெளித்தாளுக்கு.

ஊறுகாய் பாட்டில்கள் பெரும்பாலும் பெட்டிச் சுவரில் மோதி உடைவதில்லை, ஒன்றோடொன்று மோதித்தான் உடையும். நான்கு பாட்டில் என்றால் இரண்டு அட்டைப் பட்டைகளில் பாதிவரை கீறி, ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கட்டம் செய்யுங்கள். பட்டையின் உயரம் பாட்டிலின் கழுத்துக்கு மேல் வர வேண்டும். பெட்டி அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கட்டத்தின் தடிமனையும் கூட்டிக்கொள்ள மறந்துவிடுவோம்.

அட்டையில் எண்ணெய்க் கறை

பாட்டில் உடையவில்லை, மூடி கசிந்திருக்கிறது. மூடி பெட்டியின் மேல்மடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், மேலே ஏறும் ஒவ்வொரு சுமையும் மூடியைத்தான் அமுக்கும். மூடிக்கு மேல் ஒரு இன்ச் பஞ்சணைக்கு இடம் விடுங்கள். பாட்டிலை இரண்டு கவரில் தனித்தனியாகக் கட்டுங்கள்.

புத்தகத்தின் மூலை மழுங்கிவிட்டது

அளவு சரியாகப் பொருந்தியதால் வந்த வினை. புத்தகத்தின் மூலை பெட்டியின் மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறது; பெட்டியின் மூலை அடிபட்டால் அந்த அடி இதற்கும் விழும். புத்தகத்தைவிட நாலு பக்கமும் அரை இன்ச் பெரிதாக இரண்டு அட்டை வெட்டி, மேலும் கீழும் வைத்து ஒட்டிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். அடியை அட்டையின் ஓரம் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி போட்ட படங்களுக்கும் இதே வழிதான், இடைவெளி மட்டும் 2 இன்ச்.

கடையில் அந்த அளவே இல்லை

இருக்காதுதான். கடைகளில் ஓடுகிற அளவுகளைத்தான் வைத்திருப்பார்கள். பெட்டி பெரிதாக இருந்தால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அது மேலே சொன்னதுதான். நீளம் போதாமல் போனால் ஒரே அளவுப் பெட்டி இரண்டை எடுத்து, இரண்டின் வாய் மடல்களையும் மடக்காமல் நேராக நிறுத்தி, ஒன்றின் மடல்களை மற்றதற்குள் சொருகிச் சுற்றி டேப் போடுங்கள். மடல்கள் ஒன்றுக்குள் ஒன்று ஏறிய இடத்தில் சுவர் இரட்டிப்பாகிவிடும். கனமான பொருளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அகலம் போதாத பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள்.

மாதம் நூறு பார்சலுக்கு மேல் ஒரே பொருளை அனுப்புகிறீர்கள் என்றால் அளவு கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு பெட்டி மட்டும் மாதிரியாக வாங்கி, பேக் செய்து, நீங்களே ஒரு உறவினர் வீட்டு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமும் அனுப்புகிறவர்களுக்கு ஐந்து அளவு போதும் என்பது என் அனுபவம். நான் வைத்திருப்பவை 8×6×4, 10×8×6, 12×10×8 மூன்றும் 3 பிளையில். 14×12×8, 8×8×12 இரண்டும் 5 பிளையில். புதிதாக ஒரு பொருள் வந்தால் எந்தப் பெட்டி, எந்த உயரத்தில் மடித்தேன், வெளியளவு என்ன, பில் எத்தனை கிலோவுக்கு வந்தது, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். அடுத்த தடவை அதே பொருள் வரும்போது டேப்பை எடுத்து அளக்கவே வேண்டியிருக்காது.